மொத்த எடை, வெறும் எடை

சோளம் ஏற்றிய லாரியை மேடையில் நிறுத்தி நிறுப்பேன்.
கொட்டிவிட்டுத் திரும்பும்போது மறுபடி நிறுப்பேன்.
பெரியதில் சிறியதைக் கழித்தால்
விவசாயிக்குச் சேர வேண்டியது.
இருபத்தாறு வருடம் இதுதான் என் வேலை,
நெப்ராஸ்காவில், ஆயிரத்து நூறு பேர் இருக்கும் ஊரில்,
ரயில் நிற்காத தண்டவாளத்தின் ஓரம்.

டெலானி இதழியல் படிக்கப்போவதாகச் சொன்ன அன்று
எடைச்சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
லிங்கனில் அறை வாடகை, ஒரு கேமரா,
பழைய கார், அதற்கு இரண்டு முறை கியர்பாக்ஸ்.
உதவித்தொகை போக அறுபத்தோராயிரம் டாலர்.
வங்கியில் மஞ்சள் அம்புக்குறி ஒட்டிய இடங்களில்
அவள் பெயருக்குக் கீழே என் பெயர்.
ஐந்து இடம். பேனா அவர்களுடையது.
"பல் வைத்தியம் படிக்கலாமே" என்றாள் ரோண்டா.
இந்த ஊரில் எல்லோருக்கும் பல் இருக்கிறது,
செய்தி எங்கே இருக்கிறது?

இப்போது பக்கத்து ஊர் வாரப் பத்திரிகையில்
மணிக்குப் பதினாறு டாலர்.
தவணை மாதம் அறுநூற்று நாற்பது.
இரங்கல் விளம்பரத்துக்கு அங்குலக் கணக்கில் கட்டணம்;
கொஞ்சம் நீளமாக வாழ்ந்த ஒருவர் செத்தால்
அந்த வாரச் சம்பளம் தாமதமில்லாமல் வரும்.
கூடப் படித்தவள் ஒருத்தி மருத்துவமனையில்,
மக்கள் தொடர்பு, இரண்டு மடங்கு சம்பளம்,
"தெரிவிக்க எதுவுமில்லை" என்று
டெலானிக்கு மின்னஞ்சல் அனுப்புவதற்கு.

கட்டுப்படியாகாது, என்பேன் சாப்பாட்டு மேசையில்.
அவள் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை
என் பக்கம் நகர்த்துவாள்.

பிறகு அக்டோபர்.
லாரி வரிசை நெடுஞ்சாலை வரைக்கும்.
ஆர்லன் போகார்ட் தன் லாரியை
வேறோர் ஊரில் நிறுத்துவிட்டு எங்களிடம் வந்திருக்கிறார்.
எங்கள் மேடையில் நானூறு பவுண்டு குறைவு.
மேலாளரிடம் போகவில்லை அவர். பத்திரிகைக்குப் போனார்.

அவள் ஆய்வுப் பதிவுகளைக் கேட்டு வாங்கினாள்,
பக்கத்துக்கு இருபத்தைந்து சென்ட் கொடுத்து.
பதினேழு பேரின் எடைச்சீட்டுகளைச் சேர்த்தாள்.
எல்லாவற்றின் அடியிலும் என் சுருக்கொப்பம்.

அலுவலக எண்ணுக்குத்தான் அழைத்தாள், வேலை நேரத்தில்.
"நான் டெலானி ஹ்ருஸ்கா,
கவுன்டி லெட்ஜரிலிருந்து பேசுகிறேன்."
என் மகள் என்னிடம் தன் முழுப்பெயரைச் சொன்னாள்.
அந்தக் குரலுக்குத்தான் கையெழுத்துப் போட்டேன் போலிருக்கிறது.
நடுங்கியது. நடுங்கிக்கொண்டே
அடுத்த கேள்விக்குப் போகத் தெரிந்திருந்தது.
"எடைமேடையில் பழுது என்று உங்களுக்குத் தெரியுமா?"

மார்ச்சிலேயே எண்கள்
பூஜ்ஜியத்துக்குத் திரும்ப முரண்டு பிடித்தன.
சோரன்சனிடம் சொன்னேன். சீசன் போகட்டும் என்றார்.
நான் நிறுத்தவில்லை.
நிறுத்துக்கொண்டே இருந்தேன்.

"சொல்ல எதுவுமில்லை" என்றேன்.
அதையும் அவள் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

கூட்டுறவுச் சங்கம் விவசாயிகளுக்குத் திருப்பிக் கொடுத்தது
ஐம்பத்தொன்பதாயிரம் டாலர்.
கிட்டத்தட்ட அவள் கடன் அளவு.
அதில் ஒரு சென்ட் அவளுக்கு இல்லை.
என்னை விதைக் கிடங்குக்கு மாற்றினார்கள்,
மணிக்கு மூன்று டாலர் குறைத்து.
அதே மாதம் அவளுக்கு ஐம்பது சென்ட் கூட்டினார்கள்.
ஆக, ஹ்ருஸ்கா குடும்பத்துக்கு
மணிக்கு இரண்டரை டாலர் நஷ்டம்.
போகார்ட் எங்கள் வாசலில் ஒரு பெட்டி பேரிக்காய்
வைத்துவிட்டுப் போனார், யாருக்கென்று சொல்லாமல்.
அதை எந்தப் பக்கம் எழுதுவது?

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன்.
அச்சுக்குப் போகும் முந்தின இரவு
இன்னொரு அழைப்பு, இம்முறை வீட்டு எண்ணுக்கு.
"கடைசியில் ஒரு வரி போடுகிறோம்,
இந்தச் செய்தியாளரின் தந்தை அங்கே பணிபுரிகிறார் என்று.
வயது ஐம்பத்தெட்டா, ஐம்பத்தொன்பதா?"
"ஐம்பத்தெட்டு. பிப்ரவரி வரைக்கும்."
"நன்றி" என்றாள்.
கொஞ்சம் கழித்து, "அப்பா" என்றாள்.
அதற்குப் பிறகு வெகுநேரம்
யாரும் போனை வைக்கவில்லை.